பாம்புக்கு கீழ என்ன விரிக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஹீட் மேட், அதாவது பாம்பு பெட்டிக்கு கீழ வைக்கிற சூடு பாய் பத்தி எழுதுனேன்ல, அதுக்கப்புறம் வந்த கேள்வியில முக்கால்வாசி ஒரே விஷயம்தான், பாம்பு பெட்டிக்குள்ள கீழ என்ன போடறதுன்னு. கடையில சப்ஸ்ட்ரேட்னு எழுதியிருப்பாங்க, நாம விரிப்புன்னே சொல்லிக்கலாம். நான் டாக்டர் கிடையாது, பதினஞ்சு வருஷமா இங்க இங்கிலாந்துல பாம்பு வளர்க்குறவன், தப்பு பண்ணி பண்ணி கத்துக்கிட்டவன், அவ்ளோதான். அப்படி படிச்சுக்கங்க.

கேள்வி (ஸ்கார்பரோ, கனடா): வணக்கம் அண்ணா. எனக்கு பாம்பெண்டா சரியான பயம், ஆனா மகன் ஒரு போல் பைதன் வச்சிருக்கிறான், இப்ப அதுக்கு ஒண்டரை வயசு. போன மாசம் கடையில மலிவா கிடந்ததெண்டு ஒரு பெரிய பை மரச்சீவல் வாங்கிக்கொண்டு வந்தவன். சிவப்பு நிறம், அறை முழுக்க நல்ல வாசம், எனக்கே பிடிச்சிருந்தது. இப்ப ரெண்டு கிழமையா பாம்பு மூச்சு விடேக்க டிக் டிக் எண்டு சத்தம் கேக்குது, தலையை மேல தூக்கி வச்சுக்கொண்டே கிடக்குது. சீவலாலதான் இப்பிடியோ? என்ன செய்யிறது?

பதில்: அக்கா, இத படிச்ச உடனே மகன கூப்பிட்டு அந்த சீவல் மொத்தத்தையும் அள்ளி வீட்டுக்கு வெளிய போட சொல்லுங்க, பெட்டிய வெறும் சுடுதண்ணியில துடைச்சு காய வச்சு கிச்சன் பேப்பர் நாலு மடிப்பு விரிக்க சொல்லுங்க. மிச்சத்த அப்புறம் படிக்கலாம்.

ஆச்சா? சரி. சிவப்பு, நல்ல வாசம்னு நீங்க சொன்னதுலயே தெரிஞ்சு போச்சு, அது சீடார். உங்க ஊர்லயே கம்பளி துணி அலமாரிக்குள்ள பூச்சி வராம இருக்க சீடார் கட்டை வைப்பாங்க பாருங்க, அதே மரம்தான். பூச்சிய விரட்டுற அந்த எண்ணெய்தான் உங்க மூக்குக்கு வாசமா வருது. கனடா மேற்கு கரையில ப்ரிட்டிஷ் கொலம்பியா பக்கம் வெஸ்டர்ன் ரெட் சீடார் அறுக்குற மில்லுங்கள்ல வேலை பாக்குறவங்களுக்கு அந்த தூசியால ஆஸ்துமாவே வருது, அதுல இருக்க ப்ளிகாட்டிக் ஆசிட்தான் காரணம்னு கண்டுபிடிச்சும் ரொம்ப வருஷமாச்சு. அத்தன பெரிய மனுஷனுக்கே அப்படின்னா, இருபத்தி நாலு மணி நேரமும் மூக்க அதுலயே வச்சுக்கிட்டு, நாக்க நீட்டி நீட்டி அந்த வாசத்த வாய்க்குள்ள கொண்டு போயி மோப்பம் பிடிக்கிற ஒரு ஜீவன் என்னாகும்? இதுல இன்னொண்ணு, பாம்புக்கு நம்மள மாதிரி உதரவிதானம் கிடையாது, இருமி சளிய வெளிய தள்ள தெரியாது. உள்ள சேர்ந்தா சேர்ந்ததுதான். அதனாலதான் தலைய தூக்கி வச்சுக்குது, அப்பத்தான் கொஞ்சமாச்சும் காத்து போகும்னு.

ஆனா ஒண்ணு, விரிப்ப மாத்துனா மட்டும் இது சரியாகாது. சத்தம் + தலை தூக்கல் ரெண்டும் சேர்ந்தா நெஞ்சுல கிருமி இறங்கியிருக்கும்னு எடுத்துக்கங்க, ஊர்வன பாக்குற வெட், அதான் கால்நடை டாக்டர் கிட்ட இந்த வாரத்துக்குள்ள போயிடுங்க, வாயோரம் நுரையோ கோழையோ தெரிஞ்சா அன்னைக்கே போங்க. தோல் உரிக்கிறதுக்கு முன்னாடி சில பாம்பு லேசா விசில் மாதிரி சத்தம் போடும்தான், உரிச்சதும் நின்னுடும், ஆனா தலைய தூக்கிக்கிட்டு கிடக்கறது அந்த கணக்குல வராது. அதுவரைக்கும் சூடான பக்கம் 31, 32 டிகிரி குறையாம பாத்துக்கங்க. ஆவி பிடிக்க வைக்கிறது, தைலம் தடவுறது, கற்பூரம் வைக்கிறது எதுவும் வேணாம். சிரிக்காதீங்க, போன வருஷம் ஒருத்தர் நிஜமாவே கேட்டாரு.

குணமானதுக்கு அப்புறம் என்ன போடலாம்? மகன் வச்சிருக்க போல் பைதன், நாங்க பால் பைத்தான்னு சொல்ற சின்ன மலைப்பாம்பு, எங்கேர்ந்து வருதுன்னு பாருங்க. கானா, டோகோ, பெனின், மேற்கு ஆப்பிரிக்கா. மேல பாத்தா காஞ்ச புல்வெளி, அதனால காஞ்ச விரிப்பு போதும்னு நெறய பேரு தப்பா நினைக்கிறாங்க. ஆனா பகல் பூரா அது வெளிய இருக்கறதில்ல, எலி வளையிலயும் கரையான் புத்துலயும் போயி சுருண்டுக்கும். கரையான் புத்தெடுக்க கருநாகம் குடிபுகுந்த மாதிரின்னு நாம சொல்றது அங்க பால் பைத்தானுக்கும் அப்படியே பொருந்தும்! அந்த புத்துக்குள்ள வெளிய இருக்கறத விட ஈரப்பதம் அதிகம். அதனால பெட்டியில 60 சதவீதம் பக்கம் ஈரப்பதம் நிக்கணும், ஆனா வயித்துக்கு கீழ சொதசொதன்னு இருக்கவும் கூடாது. இந்த ரெண்டையும் ஒண்ணா தர்றது தேங்காய் மட்டைதான்.

எனக்கு பொள்ளாச்சி பக்கம், அதனால கொஞ்சம் பெருமையா சொல்லிக்கறேன். நீங்க டொரோண்டோ கடையில காசு கொடுத்து வாங்குற அந்த அமுக்குன தேங்காய் மட்டை கட்டிய திருப்பி பாருங்க, பாதி நேரம் இந்தியான்னு இருக்கும் இல்லாட்டி ஸ்ரீலங்கான்னு இருக்கும். எங்கூர்ல நார் உரிச்சது போக மில்லுக்கு பின்னாடி மலை மாதிரி குமிஞ்சு கிடந்த கழிவு, சின்ன வயசுல நாங்க ஏறி சறுக்கி விளையாண்டது, உங்க ஸ்ரீலங்காவுல தும்பு எடுத்தது போக மிஞ்சுற தூள், அதே சாமான்தான் கப்பல் ஏறி போயி ரெப்டைல் பெட்டிங்னு படம் போட்ட அட்டைக்குள்ள உக்காந்துருக்கு. தூளா வர்றது ஒரு வகை, மட்டைய சின்ன சின்ன துண்டா வெட்டி வர்றது இன்னொரு வகை. பால் பைத்தானுக்கு நான் துண்டுதான் சொல்லுவேன், இல்லாட்டி துண்டும் தூளும் பாதிப்பாதி. வெறும் தூள் காஞ்சு போச்சுன்னா பறக்கும்.

கட்டிய ஊற வைக்கிறதுலதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. 650 கிராம் கட்டி ஒண்ணுக்கு 3 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணி ஊத்துனா போதும், அரை மணி நேரத்துல ஊதி எட்டு ஒன்பது லிட்டர் தூளாயிடும். அப்புறம் ஒரு கைப்பிடி எடுத்து அமுக்கி பாருங்க. தண்ணி சொட்டுனா ஜாஸ்தி. புட்டுக்கு மாவு பதம் பாப்பீங்கள்ல, பிடிச்சா பிடிபடணும் உதிர்த்தா உதிரணும், அதே பதம், இத எந்த இங்கிலீஷ் புத்தகத்துலயும் இவ்ளோ சுளுவா சொல்லல. ஒரு ஏழெட்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு பரப்புங்க. ஈரம் குறையும்போது மேல ஸ்ப்ரே அடிக்காம நாலு மூலையிலயும் கொஞ்சம் கொஞ்சமா தண்ணிய ஊத்துங்க, அடியில இறங்கி ஈரமா இருக்கும், மேல் பக்கம் காஞ்சே இருக்கும், பாம்பு படுக்கறது மேல தானே. வயித்து செதில் பழுப்பாவோ சிவப்பாவோ கொப்புளிச்சா ஈரம் ஓவர்னு அர்த்தம், ஸ்கேல் ராட்னு சொல்லுவாங்க, அதுக்கும் வெட்தான்.

தோட்டத்துக்குன்னு விக்கிற கட்டியும் போடலாம், விலை பாதிதான், ஆனா உரம் கலந்தது வேணாம், கழுவி உப்பு எடுத்ததுன்னு போட்டிருக்கணும். உப்புத்தண்ணியில ஊற வச்ச மட்டையிலிருந்து வர்ற தூள்ல உப்பு நிக்கும்.

கேள்வி (ஈஸ்ட் ஹாம், லண்டன்): என் கார்ன் ஸ்னேக்குக்கு ரெண்டு வருஷமா ஆஸ்பென் மரச்சீவல்தான் போடறேன் ப்ரோ. இப்ப தண்ணி கிண்ணத்த சுத்தி வெள்ளையா பூஞ்சை மாதிரி வருது, வாடையும் அடிக்குது. ஃப்ரெண்டு தேங்காய் நாருக்கு மாறிடுன்னு சொல்றான். மாறட்டுமா?

பதில்: மாறாதீங்க. தப்பு ஆஸ்பென் மேல இல்ல, கிண்ணத்து மேல.

கார்ன் ஸ்னேக் அமெரிக்காவோட தென்கிழக்கு பக்கத்து பாம்பு, சோளம் சேத்து வைக்கிற கொட்டாய்ல எலி பிடிக்க வரும், அதனால அந்த பேருன்னு சொல்றாங்க, வயித்துல இருக்க டிசைன் சோளக்கதிர் மாதிரி இருக்குன்னும் சொல்றாங்க. அதுக்கு ஈரப்பதம் 40ல இருந்து 60 வரைக்கும் போதும். முக்கியமா அதுக்கு தோண்டணும், உள்ள பூந்துக்கணும். ஆஸ்பென்ல அது ஒரு தடவ பூந்து வெளிய வந்தா அந்த சுரங்கம் அப்படியே இடியாம நிக்கும், தேங்காய் தூள்ல சரிஞ்சிடும். நான் ராத்திரி டார்ச் அடிச்சு பாத்தா என்னோடது கண்ணாடி ஓரமா அதே பாதையிலதான் தினமும் போயிட்டு வரும், நம்ம வீட்டு வராண்டால தாத்தா நடக்குற மாதிரி. ஆஸ்பென்ல சீடார், பைன் மாதிரி வாசனை எண்ணெய் கிடையாது, தூசியும் கம்மி. ஒரே குறை ஈரம் பட்டா பூஞ்சை பிடிக்கும்.

கிண்ணத்துல பாதிக்கு மேல தண்ணி ஊத்தாதீங்க, ஏன்னா பாம்பு உள்ள எறங்கி உக்காந்தா தண்ணி வழியும், நீங்க வேலைக்கு போயிருப்பீங்க, உங்களுக்கு தெரியவே தெரியாது. கிண்ணத்த குளிர்ச்சியான பக்கம் தள்ளி வைங்க, கீழ ஒரு பழைய டைல்ஸ் துண்டு போடுங்க. பூஞ்சை வந்த எடத்த மட்டும் அள்ளுனா பத்தாது, இந்த தடவ மொத்தமா மாத்திடுங்க. தோல் உரிக்கிற சமயத்துல, கண்ணு பால் மாதிரி மங்கும்போது, ஐஸ்கிரீம் டப்பா மூடியில ஒரு ஓட்டை போட்டு உள்ள ஈர பாசி, ஸ்ஃபேக்னம் மாஸ், வச்சு குடுத்தா அதுவே போயி உக்காந்துக்கும். பெட்டி முழுக்க ஈரம் பண்ண வேண்டியதில்ல.

நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்லிடறேன். சீவல் ஆழமா போட்டுட்டு கீழ ஹீட் மேட் வச்சா சூடு மேல வராம அடியிலயே தேங்கும், பாம்பு சூட்டத் தேடி தோண்டிக்கிட்டு நேரா கண்ணாடி வரைக்கும் எறங்கிடும். என்னோட மொத பாம்புக்கு தெர்மோஸ்டாட் வாங்க காசு மிச்சம் பிடிச்சேன், மேல வச்ச தெர்மாமீட்டர் 28 காட்டுது, நானும் நிம்மதியா இருந்தேன், அடியில கண்ணாடி கை வைக்க முடியாத சூடு. வயித்துல ரெண்டு இஞ்சுக்கு வெந்து போச்சு. ஆறிடுச்சு, ஆனா அந்த எடத்துல செதில் கடைசி வரைக்கும் கோணலாத்தான் இருந்துச்சு, ஒவ்வொரு தடவ தூக்கும்போதும் என் விரல்ல தட்டுப்படும். தெர்மோஸ்டாட்டோட சென்சார் ஒயர கண்ணாடிக்கும் மேட்டுக்கும் நடுவுல ஒட்டி வைங்க, மேல வைக்காதீங்க.

கேள்வி (சுவிட்சர்லாந்து): கடையில் விதவிதமாக விற்கிறார்கள். நான் கிச்சன் பேப்பர்தான் போடுகிறேன். நண்பர்கள் கஞ்சன் என்று கேலி செய்கிறார்கள். பாம்புக்கு இது கொடுமையா?

பதில்: உங்க ஃப்ரெண்ட்ஸ விடுங்க. புதுசா எந்த பாம்பு வீட்டுக்கு வந்தாலும் மொத ரெண்டு மூணு மாசம் எங்க வீட்லயும் பேப்பர்தான், அதுவும் மத்த பாம்புங்க இல்லாத ரூம்ல. ஏன்னா வெள்ளை பேப்பர்ல எல்லாமே தெரியும். பேன் இருந்தா மிளகு தூவுன மாதிரி கருப்பு புள்ளி நகரும், தண்ணி கிண்ணத்துலயும் செத்து மிதக்கும், மரச்சீவல்ல அதே பேன் மாசக்கணக்கா ஒளிஞ்சுக்கும். எச்சம் தண்ணியா போகுதா, ரத்தம் இருக்கா, யூரேட், அதாவது பாம்போட கெட்டியான மூத்திரம், வெள்ளையா இருக்கா பச்சையா இருக்கா, எல்லாம் ஒரு பார்வையில தெரிஞ்சிடும். வெட் கிட்ட போகும்போது இதத்தான் கேப்பாரு. உடம்பு சரியில்லாத பாம்பு, ஆபரேஷன் ஆன பாம்பு, அதுக்கெல்லாம் பேப்பர விட நல்லது கிடையாது.

ஆனா கடைசி வரைக்கும் பேப்பர்லயே வச்சிருக்கணுமான்னா அது பாம்ப பொறுத்தது. ஹாக்னோஸ் பாம்புக்கு மூக்கு மண்வெட்டி மாதிரி மேல் நோக்கி வளைஞ்சிருக்கும், தோண்டறதுக்குன்னே கடவுள் குடுத்தது, அத வெறும் பேப்பர்ல விட்டா நாள் பூரா மூலையில முட்டிக்கிட்டு கிடக்கும், பாக்கவே கஷ்டமா இருக்கும். கென்யா சேண்ட் போவாவும் அப்படித்தான். உங்களோடது எந்த பாம்புன்னு நீங்க எழுதல. எதுவா இருந்தாலும் ஒளிய ரெண்டு எடம், சூடான பக்கம் ஒண்ணு குளிர்ச்சியான பக்கம் ஒண்ணு, குடுத்திருந்தா பேப்பர் கொடுமை இல்ல.

கேள்வி (மெல்பர்ன்): சில்ரன்ஸ் பைத்தான் வாங்கியிருக்கோம், லைசன்ஸ் விஷயம் எல்லாம் பாத்தாச்சு. ஆஸ்திரேலியா பாம்பு தானே, பாலைவனம் மாதிரி செவப்பு மணல் போட்டு அழகா செட் பண்ணலாம்னு என் பொண்ணு ஆசைப்படறா.

பதில்: மொதல்ல பாப்பாவுக்கு ஒரு விஷயம் சொல்லுங்க, அது குழந்தைங்க பாம்புன்னு அர்த்தம் இல்ல, ஜான் ஜார்ஜ் சில்ரன்னு ப்ரிட்டிஷ் மியூசியத்துல இருந்த ஒருத்தரு பேர வச்சது, 1842ல. அது வடக்கு ஆஸ்திரேலியா பாம்பு, பாறை இடுக்கு, குகை, சவானா காடு, அங்கதான் இருக்கும். குகை வாசல்ல தொங்கிக்கிட்டு பறக்குற வவ்வால பிடிச்சு திங்கும், இத சொன்னா மணல பாப்பா மறந்துடுவா.

கடையில வண்ண வண்ணமா விக்கிற கால்சியம் மணல் வேண்டவே வேணாம். எலியோட ஈரத்துல ஒட்டி வயித்துக்குள்ள போயி கல்லு மாதிரி இறுகிடும், குடல் அடைச்சுக்கும். வால்நட் ஓடு பொடி, மக்காச்சோள சக்கை, பூனை மண்ணு எல்லாம் இதே கதைதான். உங்க ஊர்ல ரீசைக்கிள் பண்ண பேப்பர குச்சி குச்சியா அமுக்கி விப்பாங்களே, அது இந்த பாம்புக்கு சரியா இருக்கும், ஈரமானா ஊதி காட்டிக் குடுத்துடும், அந்த எடத்த மட்டும் எடுத்து போட்டுடலாம். அழகு வேணும்னா தட்டையான கல்லு நாலஞ்சு அடுக்குங்க, ஆனா கல்ல விரிப்பு மேல வைக்காம நேரா தரையில வைங்க, இல்லாட்டி பாம்பு அடியில தோண்டி கல்லு அது மேலயே சரிஞ்சிடும். எலி குடுக்கும்போது ஒரு தட்டுல வச்சு குடுங்க. ஒண்ணு ரெண்டு துணுக்கு உள்ள போனா பயப்பட வேணாம், பெரும்பாலும் வெளிய வந்துடும்.

கேள்வி (சென்னை): சார், இங்க ஆஸ்பென் கிடைக்கல, கிடைச்சாலும் வெலை தாங்கல. மரவாடில மரத்தூள் மூட்டை கம்மி வெலைல தர்றாங்க, அத போடலாமா? பால் பைத்தான் ஒண்ணு ஆன்லைன்ல பேசி வச்சிருக்கேன். பக்கத்து காலி மனைல சாரைப்பாம்பு குட்டியும் இருக்கு, அதையும் பிடிச்சு வளர்க்கலாமான்னு ஐடியா.

பதில்: தம்பி, கடைசி ஐடியாவ இப்பவே விட்டுடுங்க. சாரை, தண்ணிப்பாம்பு, மண்ணுளி எதுவா இருந்தாலும் நம்ம நாட்டு பாம்ப பிடிச்சு வீட்ல வச்சா 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டப்படி குத்தம். அது பாட்டுக்கு உங்க தெருவுல எலி தின்னுட்டு இருக்கு, இருக்கட்டும். பாக்கணும்னு ஆசையா இருந்தா கிண்டி பாம்பு பண்ணைக்கு ஒரு நாள் போயிட்டு வாங்க.

பால் பைத்தான் வெளிநாட்டு பாம்புதான், ஆனா சைட்டீஸ்னு சொல்ற சர்வதேச வனவிலங்கு வர்த்தக ஒப்பந்தத்தோட ரெண்டாவது பட்டியல்ல இருக்கு, அதனால மத்திய அரசோட பரிவேஷ் போர்ட்டல்ல பதிவு பண்ணணும், 2024ல அதுக்கு தனி விதியே வந்துச்சு. விக்கிறவரு பேப்பர் காட்டலைன்னா வாங்காதீங்க. பாங்காக்ல இருந்து பெட்டிக்குள்ள துணிப்பையில சுருட்டி கொண்டு வந்து சென்னை ஏர்போர்ட்ல கஸ்டம்ஸ் பிடிக்கிற செய்தி அடிக்கடி பாக்குறோம்ல, பிடிபடாம வந்தது எங்க போயிருக்கும்னு யோசிச்சு பாருங்க. அப்படி வந்த பாம்புக்கு பேனும் சளியும் இலவசம்.

மரத்தூள் வேணாம். அந்த மூட்டையில தேக்கு, வேங்கை, பைன், ப்ளைவுட், எல்லாம் கலந்து இருக்கும், ப்ளைவுட்ல பசை வேற. பொடிப்பொடியா இருக்கறதால மூக்குலயும் வாயிலயும் அப்பிக்கும். நீங்க தேங்காய் தேசத்துல உக்காந்துகிட்டு ஆஸ்பென் தேடறீங்க! நர்சரியில மட்டைத் துண்டு கேளுங்க, ரெண்டு தடவ நல்ல தண்ணியில அலசி வெயில்ல காய போட்டு எடுத்துக்கங்க. சென்னையில சும்மாவே ஈரப்பதம் 70க்கு மேல நிக்கும், அதனால நான் மேல ஸ்கார்பரோ அக்காவுக்கு சொன்ன மாதிரி தண்ணி ஊத்தாதீங்க. அங்க ஹீட்டர் போட்டு வீடே வறண்டு கிடக்கும், உங்களுக்கு ஏசி ரூம்ல வச்சா மட்டும்தான் அந்த பிரச்னை. உங்க கவலை எல்லாம் காத்தோட்டம்தான், ஐப்பசி கார்த்திகையில பூஞ்சை ரெண்டே நாள்ல பிடிச்சிடும்.

கேள்வி (கோலாலம்பூர்): விரிப்ப எத்தன நாளைக்கு ஒரு தடவ மாத்தணும்? பெட்டிய கழுவ பினாயில் போடலாமா? அம்மா பினாயில் போட்டாத்தான் சுத்தம்னு நிக்கிறாங்க.

பதில்: எச்சம் பாத்த அன்னைக்கே அந்த எடத்த சுத்தி ஒரு கை அளவுக்கு அள்ளிடுங்க. பேப்பர்னா உடனே புதுசு. சீவலோ தேங்காய் மட்டையோ மாசத்துக்கு ஒரு தடவ மொத்தமா மாத்துனா நல்லது, அதுக்கு முன்னாடியே வாடை வந்தா அப்பவே. உங்களால மாசத்துக்கு ஒரு தடவ ஒரு மூட்டை தேங்காய் மட்டைய அஞ்சாவது மாடியில இருந்து கீழ கொண்டு போயி கொட்ட முடியாதுன்னு தோணுச்சுன்னா பேப்பரே போடுங்க, விரிப்பு எவ்ளோ ஒசத்தியா இருந்தாலும் மாத்தாம விட்டா குப்பைதான்.

பினாயில் கூடவே கூடாது. அதுல இருக்க பீனால் வகையறா ஊர்வனத்துக்கு விஷம், பைன் வாசம் வர்ற லோஷனும் அதே கதை. ஒரு பங்கு ப்ளீச்சுக்கு பத்து பங்கு தண்ணி கலந்து துடைச்சு, பத்து நிமிஷம் விட்டு, நல்லா அலசி, வாசம் சுத்தமா போற வரைக்கும் காய விடுங்க, பாம்பு அதுவரைக்கும் வேற டப்பாவுல இருக்கட்டும். கிண்ணத்தையும் பெட்டியையும் சமையல்கட்டு சிங்க்ல கழுவாதீங்க, சால்மோனெல்லா ஒட்டிக்கும், பாத்ரூம்ல தனி வாளி வச்சுக்கங்க, முடிஞ்சதும் சோப்பு போட்டு கை கழுவுங்க. வீட்ல அஞ்சு வயசுக்கு கீழ குழந்தை இருந்தா இந்த வேலை பக்கமே விடாதீங்க. அம்மாவுக்கு பினாயில் வாசம் இல்லாட்டி மனசு ஆறாதுன்னா ஹால்ல போட்டு துடைச்சுக்கட்டும், பாம்பு ரூம் கதவ மட்டும் சாத்திட்டு.